குறுவை நெல்லில் அந்து, அடிமூட்டையில் பூசணம்: மாத்திரை போடலாமா?

கேள்வியின் சுருக்கம் இது: சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு குடும்பம் வீட்டுச் சாப்பாட்டுக்காகக் குறுவை நெல் 12 மூட்டை அடுக்கி வைத்திருக்கிறது. ஐப்பசி மழை விட்டதும் வைக்கோல் நிறத்தில் சின்னச் சின்ன அந்துப்பூச்சி பறக்கிறது. அடி மூட்டையைத் தொட்டால் வெதுவெதுப்பு, பூசண வாடை. பங்குனியில் எடுத்து டிரம்மில் கொட்டிய உளுந்திலும் ஓட்டை விழுந்திருக்கிறது. மூட்டைக்கு நடுவில் பூச்சியைக் கொல்லும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடலாமா? பூசணம் பிடித்த நெல்லைக் கழுவிக் காயவைத்து மாட்டுக்குக் கொடுக்கலாமா?

இரண்டுமே வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வாடை வரும் மூட்டையைத் தனியே பிரித்துத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். அதன் மேலும் பக்கத்திலும் இருந்த மூட்டைகளின் வாயை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். நல்ல நெல் கைக்குக் குளிர்ச்சியாக, வழுக்கிக்கொண்டு ஓடும். உள்ளே சூடு தெரிந்தாலோ, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக வந்தாலோ அந்த மூட்டையையும் இன்றே பிரித்துக் கொட்ட வேண்டும். உள்ளே சூடு ஏறிய மூட்டை நாளைக்கென்று காத்திருக்காது.

அந்துக்கும் பூசணத்துக்கும் வேர் ஒன்றுதான். நெல் மூட்டைக்குள் போகும்போதே ஈரமாக இருந்திருக்கிறது. நம் பக்கம் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக 17 சதவீத ஈரப்பதம் வரை எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் 17 என்றாலே காய்ந்த நெல் என்ற எண்ணம் மனதில் பதிந்துவிட்டது. அது விற்பனைக்கான வரம்பு. ஆறு மாதம் வீட்டில் வைத்துச் சாப்பிட வேண்டிய நெல்லுக்கு 12, மிஞ்சினால் 13 சதவீதம்தான் கணக்கு. 12 மூட்டை, மூட்டைக்கு 75 கிலோ என்றால் 900 கிலோ. 17 சதவீதத்தில் கட்டிய அந்த நெல்லில், 12.5 சதவீதத்துக்குக் காய்ந்த நெல்லைவிட சுமார் 46 லிட்டர் தண்ணீர் கூடுதலாக இருக்கிறது. மூன்று குடம் தண்ணீரை நெல்லுக்குள் ஊற்றிக் கட்டி வைத்ததற்குச் சமம்.

அந்த மூன்று குடம் உள்ளே என்ன செய்கிறது என்று பாருங்கள். ஈரமான மணி வேகமாக மூச்சு விடும். மூச்சு விட்டால் சூடும் நீராவியும் வரும். 25 முதல் 35 டிகிரி வரையிலான சூடு பூச்சிகள் பெருக ஏற்ற பதம். பூச்சி பெருகினால் அதன் மூச்சிலிருந்தும் சூடும் ஈரமும் சேரும். ஈரம் 14.5 சதவீதத்தை ஒட்டியதுமே, வறட்சி தாங்கும் பூசணங்கள் கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கிவிடும். அவையும் ஈரத்தைக் கூட்டும். 17, 18 சதவீதத்தை எட்டும்போது மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் வந்து உட்கார்ந்துவிடும். நச்சை உண்டாக்குவது இதுதான். மூட்டை முழுக்க ஒரே சீராக இது நடப்பதில்லை. தரையோடு ஒட்டிய மூலையிலோ, சுவரோரத்திலோ, பதரும் பச்சைத் தூளும் குவிந்த இடத்திலோ ஆரம்பிக்கும். இயந்திர அறுவடை நெல்லில் பச்சைத் தாள் துண்டுகள் நிறைய வருவதால், தூற்றாமல் கட்டினால் அந்தத் துண்டுகளே ஈரத்தின் மூட்டைகள்.

வீட்டில் ஈரம் பார்க்க வழி உண்டு. நன்றாக உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் கால்பங்கு நெல் போட்டு, வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு ஸ்பூன் சேர்த்து, மூடியை இறுக்கி ஒரு நிமிடம் குலுக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பார்க்கும்போது உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டவில்லை என்றால் 15-க்குக் கீழே என்று மட்டும்தான் பொருள், 12 என்று பொருள் இல்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உப்பு ஒட்டாத பிறகும் இன்னொரு முழு வெயில் காட்டுங்கள். உமி நீக்கிய மணியைக் கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று இரண்டாக உடைய வேண்டும். பக்கத்தில் யாரிடமாவது ஈரப்பதமானி இருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் எடுத்துப் பாருங்கள்.

இனி பூச்சி. நெல்லுக்கு உமி நல்ல கவசம். அரிசியை நாசமாக்கும் மூக்கு நீண்ட கூன்வண்டு, உமி முழுசாக மூடிய நெல்லில் அவ்வளவாக நுழையாது. நெல்லைத் தாக்குவதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று நீங்கள் பார்த்த அந்துப்பூச்சி. இது வயலிலேயே கதிரில் முட்டை வைத்துக்கூட வீட்டுக்கு வரும். புழு உமியின் இரண்டு மடலும் சேரும் இடுக்கு வழியாக உள்ளே போய், முழு வளர்ச்சியும் அந்த ஒரு மணிக்குள்ளேயே முடித்து, வட்டமான ஒரு கதவைத் திறந்துகொண்டு பூச்சியாக வெளியேறும். பறக்கும் பூச்சி எதையும் தின்னாது, முட்டைதான் வைக்கும். ஆழமாகப் புதையவும் அதற்குத் தெரியாது. குவியலாகக் கொட்டிய நெல்லில் மேல் ஒரு அடியோடு நின்றுவிடும். மூட்டைகளாக அடுக்கினால் ஒவ்வொரு மூட்டைக்கும் வெளிப்பக்கம் இருப்பதால் எல்லாவற்றிலும் பரவுகிறது.

இரண்டாவது நெல் துளைப்பான் வண்டு. 3 மில்லிமீட்டர் நீளம், கரும்பழுப்பு, உருளை வடிவம், தலையை உடம்புக்கு அடியில் மடக்கி வைத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தலையே தெரியாது. புழு, வண்டு இரண்டுமே தின்னும், ஆழமாகவும் போகும். மூட்டையைத் தட்டினால் வெள்ளை மாவாகக் கொட்டினால் இதுதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தை மட்டும் பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் விடுவது பெரிய இழப்பு. சிவப்பு மாவு வண்டு பின்னால் வருவது. முழு மணியை அதனால் உடைக்க முடியாது. உடைந்த மணியும் மாவும் இருக்கும் இடத்தில்தான் பெருகும். அது நிறைய இருந்தால் நெல்லில் வெடிப்பு அதிகம் அல்லது வேறு வண்டு ஏற்கெனவே வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்து பறக்கும் ஆனால் சூடோ வாடையோ இல்லாத மூட்டைகளுக்கு நான் சொல்லும் முதல் யோசனை: வெயில் கிடைத்ததும் காயவைத்து, தூற்றி, ஒரு மாதத்துக்குள் ரைஸ் மில்லில் அரைத்துவிடுங்கள். பூச்சி ஏறிய நெல்லை ஆறு மாதம் காப்பாற்றப் போராடுவதைவிட அதை முதலில் சாப்பிட்டு முடிப்பது மேல். மீதியைத்தான் சேமிப்புக்குத் தயார் செய்ய வேண்டும்.

காயவைப்பதில் கனம் முக்கியம். தார்ப்பாயில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் பரப்பாதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை கிளற வேண்டும். உச்சி வெயில் கடுமையாக இருந்தால், பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை கூட்டி மூடி வைத்து, பிறகு விரியுங்கள். ஈரமான நெல்லைக் கடும் சூட்டில் ஒரே மூச்சில் காய வைத்தால் மணிக்குள் மயிரிழை போல வெடிப்பு விழும். அரைக்கும்போது நொய்யாகப் போகும், மாவு வண்டுக்கும் வழி திறக்கும். தார் ரோட்டில் பரப்புவதில் கல், மண், வண்டிச் சக்கரம் மூன்றும் சேர்ந்து இதே வெடிப்பைக் கொடுக்கின்றன. சாயந்திரம் வெயில் இறங்கியதும் சூட்டோடு அள்ளி மூட்டை கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ராத்திரி வெளியே குளிரும்போது உள்ளே சூடு, சாக்கின் ஓரத்தில் வேர்வை. நிழலில் பரப்பி, கைக்குச் சூடு தெரியாத வரை ஆறவிட்டு, பனி இறங்கும் முன் கட்டுங்கள்.

அடைமழையில் நாலு நாள் வெயிலே இல்லை என்றால்? கூடத்தில் பரப்பி மின்விசிறி போடுங்கள், கிளறிக்கொண்டே இருங்கள். மழைக்காலக் காற்றில் இது நெல்லைச் சேமிப்புப் பதத்துக்குக் கொண்டுவராது. ஆனால் சூடு ஏறாமல் காக்கும், அதுதான் அந்த நாலு நாளுக்கு வேண்டியது. முளைவிடும் அளவுக்கு நனைந்திருந்து, பூசணம் இன்னும் பிடிக்கவில்லை என்றால், உடனே அவித்துவிடலாம். அவித்த நெல்லையும் காயவைத்தே ஆக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். உலர்த்தி உள்ள மில் பக்கத்தில் இருந்தால் கூலி கொடுத்தாவது அங்கே கொண்டுபோவது லாபம்.

பூசணம் பிடித்த மூட்டைக்கு வருகிறேன். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வெளியே, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அவிழுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஆஸ்துமா உள்ளவர்களை அருகில் விட வேண்டாம். கட்டியாக ஒட்டிய நெல், பச்சை, கறுப்பு படிந்த நெல், அதைச் சுற்றி ஒரு சாண் அளவு நல்லதாகத் தெரியும் நெல், எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். மீதியைக் காயவைத்துத் தனியே அரையுங்கள். அரிசியில் மஞ்சள், கருமணி தெரிந்தாலோ, காய்ந்த பிறகும் வாடை போகாவிட்டாலோ அதையும் விட்டுவிடுங்கள். ஒதுக்கியதைக் குப்பைமேட்டில் கொட்டினால் கோழி கிளறும். குழி வெட்டிப் புதையுங்கள்.

கழுவினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கழுவினால் வெளியே தெரியும் பூசணத்தூள் போகும். அது மணிக்குள் விட்டுச்சென்ற அஃப்லடாக்சின் என்ற நச்சு போகாது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் கொஞ்சம்தான் குறையும், ஒழியாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் இந்த நச்சு வெளிச்சத்துக்கு வந்தது. காரணம் தீவனத்தில் கலந்திருந்த பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 100-க்கும் மேற்பட்டவர்கள் கல்லீரல் பாதித்து இறந்தார்கள். ஒரே நாளில் வயிறு வலித்துக் காட்டிக்கொடுத்தால்கூடப் பரவாயில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் வருஷக்கணக்கில் கல்லீரலில் வேலை செய்யும், புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான நச்சு. மாட்டுக்குக் கொடுத்தால் மாடு அதை உடம்பிலேயே முடித்துவிடாது. ஒரு பகுதி வேறு உருவில் பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது வீட்டுக் குழந்தைதான். தானியத்தில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், பாலில் அரை மைக்ரோகிராம் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி வரம்பு வைத்திருப்பதிலிருந்தே பாலில் எவ்வளவு கண்டிப்பு என்பது புரியும்.

நெல்லில் உமி இருப்பதால் இந்த நச்சு ஒப்பீட்டளவில் குறைவு. கடலையிலும் மக்காச்சோளத்திலும்தான் அதிகம். விருத்தாசலம், பண்ருட்டி பக்கத்துக் கடலைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூசணம் மண்ணிலேயே காய்க்குள் நுழைகிறது, அதிலும் அறுவடைக்கு முந்தைய மூன்று நாலு வாரம் வறட்சி வந்தால். அந்தக் கட்டத்தில் ஒரு தண்ணீர் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கக் கவிழ்த்துப் போட்டுக் காயவிடுங்கள், குவியலாகப் போட்டு வைக்காதீர்கள். காய் 8 சதவீதத்துக்கு வரவேண்டும். குலுக்கினால் பருப்பு உள்ளே கலகலவென்று ஆடும் பதம். இயந்திரத்தில் உடைக்கும்போது பருப்பு பிளக்காமல் இருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்களே, அது காய்ந்த கடலைக்குத் திரும்பப் பூசணத்தை அழைப்பது. அப்படி உடைத்த பருப்பை மறுபடி காயவைக்காமல் சாக்கில் கட்டவே கூடாது. பொக்கு, சுருங்கல், நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி எடுப்பதற்கு ஈடான பாதுகாப்பு வேறு கிடையாது, ஏனென்றால் நச்சின் பெரும்பகுதி அந்தச் சில பருப்பில்தான் குவிந்திருக்கும். பொறுக்கியதைச் செக்குக்கு அனுப்பினால் நச்சு பெரும்பாலும் பிண்ணாக்கில் தங்கும், அது தொழுவத்துக்குத்தான் போகும்.

உளுந்துக்கு வருவோம். ஒரு கைப்பிடி உளுந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்புத் தோலின் மேல் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போல வெள்ளைப் புள்ளி தெரியும், நகத்தால் சுரண்டினால்தான் வரும். அதுதான் பயறு வண்டின் முட்டை. புழு முட்டையின் அடிப்பக்கத்திலிருந்தே நேராகப் பருப்புக்குள் துளைத்துவிடும். அதனால் வெளியே ஓட்டை தெரியாது. ஓட்டை தெரியும்போது வண்டு வெளியேறிவிட்டது. ஒரு தலைமுறைக்கு நம் வெப்பத்தில் சுமார் ஒரு மாதம், ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை வைக்கும். பங்குனியிலிருந்து ஐப்பசி வரை எத்தனை தலைமுறை என்று எண்ணிக்கொள்ளுங்கள். வயலில் காய் முற்றும்போதே முட்டை விழுந்துவிடுகிறது, ஆகவே டிரம் சுத்தமாக இருந்தும் வண்டு வந்ததே என்று வியக்க வேண்டாம்.

இந்த உளுந்தைச் சலித்து, நல்ல வெயில் நாளில் கறுப்புப் பாலித்தீன் விரிப்பில் ஒரு விரல் கனத்தில் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீனால் மூடி, ஓரங்களில் கல் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். உள்ளே 55, 60 டிகிரி வரை ஏறும், பருப்புக்குள் இருக்கும் புழுவும் சாகும். விதைக்கு வைத்த உளுந்துக்கு இது வேண்டாம், முளைப்புத் திறன் போகலாம். ஆறியபின் சாப்பாட்டு உளுந்தை உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் வண்டு பெருக முடியாது. நம் பாட்டிமார் செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்து வைத்ததில் இந்தக் கணக்கு இருக்கிறது. முழுசாக வைக்க விரும்பினால் கிலோவுக்கு 5 மில்லி கடலெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் தடவிப் பிசறி வையுங்கள், முட்டைக்கு மூச்சு அடைபடும். விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் அல்லது வேப்பங்கொட்டைப் பருப்புத் தூள் கலக்கலாம். நெல்லில் வேப்பிலை, நொச்சி போடுவது நல்லதுதான், ஆனால் நொறுங்கும் அளவுக்கு நிழலில் காய்ந்த இலையாக இருக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் இலையின் ஈரம் நெல்லுக்குப் போய்ச் சேரும்.

மாத்திரை ஏன் வேண்டாம் என்றால், அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடும். 3 கிராம் மாத்திரை ஒன்று ஒரு கிராம் வாயு தரும். அது கதவிடுக்கு, ஓட்டு இடைவெளி வழியாகப் பக்கத்து அறைக்குப் போகும், தூங்குகிறவரை எழுப்பாமலே கொல்லும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வீட்டு உபயோகத்துக்கு அனுமதியும் கிடையாது. கிடங்கில் காற்றுப் புகாத விரிப்பால் அடுக்கை மூடி, ஓரத்தில் மணல் நிரப்பிய நீளத் துணிப்பை வைத்து அடைத்து, பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. சாக்கு மூட்டையின் நடுவில் வைத்தால் வாயு தங்காமல் கசிந்துவிடும், பூச்சியும் முழுக்கச் சாகாது, தப்பியதிலிருந்து மருந்துக்கு அசையாத வண்டு பிறக்கும். முன்பு வீடுகளில் உடைத்துப் போட்ட ஈ.டி.பி. (எத்திலீன் டைபுரோமைடு) என்ற பூச்சிமருந்துக் குப்பி 2001-லேயே தடை செய்யப்பட்டது, பழைய ஞாபகத்தில் தேடாதீர்கள். போரிக் பவுடர், பாச்சை உருண்டை இரண்டும் சாப்பிடும் பொருளோடு சேர வேண்டியவை அல்ல.

தை, மாசியில் சம்பா வரும். அதற்குள் இடத்தைத் தயார் செய்யுங்கள். காலியான அறையின் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்து, மூலையில் கிடக்கும் பழைய தூசு, சிந்திய நெல் அத்தனையும் கூட்டி எரியுங்கள். அடுத்த பருவத்து வண்டு அதில்தான் காத்திருக்கிறது. காலி அறையின் சுவருக்கும் தரைக்கும் மட்டும் மாலத்தியான் 50 இ.சி. மருந்தை லிட்டருக்கு 10 மில்லி கலந்து, 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் கணக்கில் தெளிக்கலாம். நெல்லின் மேல் ஒருபோதும் படக்கூடாது. பழைய சாக்கை உள்பக்கம் வெளியே திருப்பி, கொதிநீரில் முக்கி, மொடமொடவென்று காயவையுங்கள். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல், ஒரு சாண் உயரமுள்ள மரக்கட்டைச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி அடுக்குங்கள். உங்கள் அடி மூட்டை போனது தரையின் ஈரத்தால்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கும் மேலே ஒன்று. கடலூர், பாகூர், புதுச்சேரி என்று கடலோரம் முழுக்க மழைக்காலக் காற்றே ஈரம். காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டும் வாரங்களில், 12 சதவீதத்துக்குக் காய்ந்த நெல்லும் சாக்கு வழியாக ஈரத்தை உறிஞ்சி 15, 16 வரை ஏறிவிடும். எவ்வளவு காயவைத்தும் கெட்டுப்போகிறதே என்ற குறைக்கு இதுதான் விடை. ஆகவே சம்பாவில் ஐப்பசியைத் தாண்டி வைக்கப்போகும் பங்கை இறுக்கமாக மூடும் தகரத் தொம்பையிலோ (தானியம் கொட்டி வைக்கும் பெரிய கலம்), சாக்குக்குள் போடும் காற்றுப் புகாத கெட்டிப் பிளாஸ்டிக் பையிலோ போடுங்கள். பையைக் கழுத்து வரை நிரப்பி, மிஞ்சிய காற்றை அழுத்தி வெளியேற்றி, முறுக்கி மடித்து இரட்டைக் கட்டாகக் கட்டினால், உள்ளிருக்கும் பூச்சி மிச்சப் பிராணவாயுவைத் தானே தீர்த்துவிட்டுச் சாகும். எலி கடித்த ஒரு ஓட்டை போதும், அந்த வேலை கெட. முக்கியம்: இந்தப் பைக்குள் 13-க்கு மேல் ஈரமுள்ள நெல்லைப் போட்டால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புளித்து நாறும்.

சாதாரணச் சாக்கில் கட்டி வைத்த நெல்லைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். திறக்கக்கூடாத பைக்குப் பதிலாகத் திறந்து எடுக்கும் தொம்பையில் வைத்திருந்தால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த துளைக்குழாய்ப் பொறியை நெல்லில் செருகி வையுங்கள். 2 மில்லிமீட்டர் துளைகள் வழியாகக் காற்றைத் தேடி வரும் வண்டு அடிக்குப்பியில் விழும். வாரம் ஒருமுறை குப்பியைத் திறந்து எண்ணுங்கள். எண்ணிக்கை போன வாரத்தைவிடக் கூடினால் மறுநாள் வெயிலுக்கே அந்த நெல்லை வெளியே எடுத்துப் பரப்பிவிடுங்கள்.